வன்னி வெளியில் ட்ரோனின் டெலி லென்ஸால் கூர்மையான படம் எடுப்பது எப்படி

இலங்கையின் வடக்கில் உள்ள வன்னி மலையில்லாத நிலம். குளக்கட்டும் வயலும் பனங்கூடலும் காடும் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டையாக விரிந்து கிடப்பதால், ட்ரோனின் அகலக்கோண லென்ஸ் அவை எல்லாவற்றையும் சிறிதாக்கிவிடுகிறது. படத்தில் மிஞ்சுவது பாதி வானமும் பாதி தரையும்தான். தொலைவில் உள்ளதைப் பெரிதாக்கிக் காட்டும் டெலிபோட்டோ (சுருக்கமாக டெலி) லென்ஸ் அந்த அடுக்குகளை ஒன்றோடொன்று நெருக்கிக் காட்டுகிறது. கட்டுக்கரைக் குளத்தின் நீருக்கு அப்பால் நிற்கும் மரவரிசையும் அதற்கப்பால் உள்ள வயலும் ஒரே சட்டத்தில் தமக்குரிய அளவில் வந்து நிற்பது இந்த லென்ஸால்தான். ஆயினும் இப்படி எடுத்த படங்களில் பெரும்பாலானவை கைபேசித் திரையில் அழகாகத் தெரிந்து, கணினியில் முழு அளவில் திறந்தவுடன் மங்கலாகிவிடுகின்றன. பனையோலையின் கீற்றுகள் ஒன்றாகக் கலந்து பச்சைப் பூச்சாகின்றன. கோபுரத்துச் சுதைச் சிற்பங்களுக்கு முகம் இருப்பதில்லை.

இதற்குக் கமராவைக் குறை சொல்வதே வழக்கமாக இருக்கிறது. என் கணிப்பில் கமராவின் பங்கு மிகச் சிறியது. இடையில் உள்ள காற்று எந்த நிலையில் இருக்கிறது, பொருளுக்கும் ட்ரோனுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது, ட்ரோன் எவ்வளவு அசையாமல் நிற்கிறது என்ற மூன்றுமே கூர்மையைத் தீர்மானிக்கின்றன. இவை சரியாக அமையாவிட்டால் எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை.

கையில் உள்ள லென்ஸை அறிதல்

2023இல் வெளிவந்த டி.ஜே.ஐ. நிறுவனத்தின் மவிக் 3 புரோ ட்ரோனில் மூன்று கமராக்கள் உள்ளன. அவற்றுள் (முழுச்சட்டக் கமராவின் குவியத்தூரக் கணக்கில்) 70 மில்லிமீற்றருக்குச் சமமான நடுத்தர டெலி 48 மெகாபிக்சல் சென்சரையும், 166 மில்லிமீற்றருக்குச் சமமான நீண்ட டெலி அதைவிடச் சிறிய, 12 மெகாபிக்சல் சென்சரையும் கொண்டவை. அதே ஆண்டில் வந்த எயார் 3இல் 70 மில்லிமீற்றர் டெலி மட்டும் உண்டு. 2025இல் வந்த மவிக் 4 புரோவில் நீண்ட டெலிக்கு 50 மெகாபிக்சல் சென்சர் கிடைத்திருக்கிறது. இவற்றுக்கு மேல் திரையில் காட்டப்படும் 14 மடங்கு, 28 மடங்கு போன்றவை படத்தை நடுவில் வெட்டிப் பெருப்பிப்பவையே. அதை வீட்டில் கணினியிலும் செய்துகொள்ளலாம் என்பதால், படமெடுக்கும்போது அவற்றைத் தொடவே வேண்டியதில்லை.

166 மில்லிமீற்றர் லென்ஸ் 200 மீற்றர் தூரத்தில் ஏறத்தாழ 42 மீற்றர் அகலமான காட்சியைப் பிடிக்கும். அந்த அகலத்தில் 4000 பிக்சல்கள் இருப்பதால் ஒரு பிக்சல் ஒரு சென்ரிமீற்றரைக் குறிக்கும். அதே லென்ஸ் 500 மீற்றரில் 104 மீற்றர் அகலத்தைப் பிடிக்கும்போது ஒரு பிக்சல் இரண்டரைச் சென்ரிமீற்றருக்கு மேற்பட்டதாகிவிடுகிறது. பனையோலைக் கீற்றையோ கொக்கின் இறகையோ பிரித்துக் காட்டவேண்டுமானால் 200 மீற்றருக்குள் நிற்பது நல்லது. ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் உள்ளதை எட்டிப் பிடிக்க இந்த லென்ஸைப் பயன்படுத்துபவர்களே அதிகம் ஏமாற்றமடைகிறார்கள். காட்சியின் அடுக்குகளை நெருக்குவதும், அருகே செல்லக்கூடாத உயிரினங்களுக்கு இடம் விட்டு நிற்பதுமே இதன் உண்மையான பயன்கள். அருகே செல்லத் தடையில்லாத இடத்தில், பெரிய சென்சர் கொண்ட 70 மில்லிமீற்றர் லென்ஸுடன் நெருங்கிச் சென்று எடுத்த படம் பெரும்பாலும் 166 மில்லிமீற்றர் படத்தை வென்றுவிடும்.

காற்றின் நிலையும் எடுக்கும் நேரமும்

நிலம் சூடேறியவுடன் அதன் மேலுள்ள காற்று கிளர்ந்து எழத் தொடங்குகிறது. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைப்பதால், அவை கலக்கும் இடத்தினூடாக வரும் காட்சி நெளிந்து நடுங்குகிறது. ஏ9 வீதியில் நண்பகலில் நீர் போலத் தெரியும் கானலும், டெலி படத்தில் விளிம்புகள் கரைவதும் ஒரே காரணத்தால் நிகழ்பவையே. அகலக்கோணப் படத்தில் கண்ணுக்குப் படாத இந்த நெளிவு, காட்சி பெரிதாகும்போது தானும் பெரிதாகிறது. இதற்கு ஷட்டர் வேகம் மருந்தாகாது: 1/2000 செக்கனில் எடுத்தாலும் அந்தக் கணத்து நெளிவு அப்படியே உறைந்துபோகும்.

எனவே சூரியன் எழுந்த பின் வரும் முதல் ஒன்றரை மணி நேரத்தையே நான் முதன்மையாகப் பரிந்துரைப்பேன். மாலையில் வெயில் தாழ்ந்த பிறகும் எடுக்கலாம். ஆனால் பகல் முழுவதும் வெயிலை உண்ட தார்வீதியும் வறண்ட குளத்தரையும் அறுத்த வயலும் சூரியன் இறங்கிய பின்னும் வெப்பத்தை விட்டுக்கொண்டிருக்கும் என்பதால், மாலையில் நீர்ப்பரப்புக்கும் காட்டுக்கும் மேலாகப் பார்க்கும் கோணத்தைத் தெரிவுசெய்ய வேண்டும். முகில் மூடிய நாட்களில் நிலம் அதிகம் சூடேறாததால் நண்பகலிலும் நல்ல படம் கிடைக்கக்கூடும். இரண்டு மழைக்கு இடையே வெளிக்கும் ஒரு மணி நேரத்தை எவரும் தவறவிடக்கூடாது. தூசு கழுவப்பட்டு, தரையும் குளிர்ந்திருக்கும் அந்த வேளைக்கு இணையான தெளிவு வேறு எப்போதும் வாய்ப்பதில்லை.

உயரத்தின் பங்கையும் இங்கே சொல்ல வேண்டும். காற்றின் நெளிவு கமராவுக்கு அருகில் இருக்கும்போதுதான் படத்தை அதிகம் கெடுக்கிறது. தொலைவில், பொருளுக்கு அருகில் இருக்கும் நெளிவின் பாதிப்பு குறைவு. தரையில் முக்காலி வைத்து எடுப்பவர் சூடான காற்றுக்குள்ளேயே நின்று எடுக்கிறார். ட்ரோனோ அந்தப் படையை விட்டு மேலே ஏறிவிட முடியும். தரையோடு ஒட்டி 10 மீற்றரில் நின்று கிடையாகப் பார்ப்பதை விட, 50 அல்லது 60 மீற்றருக்கு ஏறிச் சற்றுக் கீழ்நோக்கிப் பார்த்தால் விளிம்புகள் இறுகித் தெரிவதைத் திரையிலேயே காணலாம்.

பருவங்கள் இதையெல்லாம் மாற்றிக்கொண்டே இருக்கும். காலபோக (மாரிக்கால நெற்போக) மழை ஓய்ந்து, குளங்கள் நிரம்பி, நெல் முற்றிவரும் தை, மாசி மாதங்களே வன்னியில் டெலி படங்களுக்கு ஏற்ற காலம். அந்த நாட்களில் விடியற்காலைப் பனிமூட்டம் குளங்களின் மேலும் வயல்களின் மேலும் படிந்திருக்கும். பனிமூட்டத்தையே பொருளாகக் கொண்டு எடுப்பதானால் அது வேறு. கூர்மை வேண்டுமானால் மூட்டம் கலைவதற்கும் நிலம் சூடேறுவதற்கும் இடையே கிடைக்கும் அந்தக் குறுகிய நேரத்துக்காக ட்ரோனைத் தயாராக வைத்துக் காத்திருக்க வேண்டும். வாடைக்காற்று சில நாட்களில் இந்தியப் பெருநிலத்திலிருந்து தூசுப்புகாரையும் (தூசு மூட்டத்தையும்) கொண்டுவரும். 2022 டிசெம்பரில் அத்தகைய தூசுப்புகார் காரணமாக நாட்டில் பாடசாலைகளே மூடப்பட்டன. அப்படிப்பட்ட நாளில் பற்றரியை வீணாக்காமல் வீடு திரும்புவதே சரி. சித்திரையில் காலைகள் அமைதியாக இருக்கும், பிற்பகலில் இடிமுகில் திரளும். வைகாசிக்குப் பின் வீசும் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று பல நாட்களில் காலை கழியுமுன்னரே பலமடைந்து கிரவல் வீதிகளின் செம்புழுதியைக் கிளப்பிவிடும் என்பதால், அந்த மாதங்களில் விடியற்காலை தவிர வேறு நேரம் இல்லை என்றே கொள்ளலாம்.

சூரியன் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதும் தெளிவைப் பாதிக்கிறது. தூசுப்புகாருள்ள காற்று, சூரியனை நோக்கிப் பார்க்கும்போது வெண்மையாக ஒளிர்ந்து தொலைவை மறைத்துவிடும். சூரியனைப் பின்னாலோ பக்கவாட்டிலோ வைத்துக்கொண்டால் அதே காற்று எவ்வளவோ தெளிவாகத் தெரியும். பக்கவாட்டுச் சாய்வொளி வரப்புகளுக்கும் மரப்பட்டைக்கும் நிழல் கொடுப்பதால் கண்ணுக்குக் கூர்மை கூடியும் தோன்றுகிறது.

ட்ரோனை அசையாமல் நிறுத்துதல்

அகலக்கோணத்தில் பட்டுப்போல வரும் படம் டெலியில் ஏன் அசைகிறது என்பதை ஒரு கணக்கு விளக்கும். 166 மில்லிமீற்றர் லென்ஸின் காட்சி அகலம் ஏறத்தாழ 12 பாகை. அதை 4000 பிக்சல்களுக்குப் பகிர்ந்தால் ஒரு பிக்சலுக்கு 0.003 பாகை வருகிறது. காற்று மோதி கமரா செக்கனுக்கு ஒரு பாகை வேகத்தில் திரும்பினால், 1/100 செக்கன் ஷட்டரில் காட்சி மூன்று பிக்சலுக்கு மேல் இழுபடும். 1/500 செக்கனில் ஒரு பிக்சலுக்குள் அடங்கும். 24 மில்லிமீற்றர் அகலக்கோண லென்ஸிலோ 1/100 செக்கனிலும் அது அரைப் பிக்சல் அளவே. ட்ரோன் பக்கவாட்டில் சில சென்ரிமீற்றர் நகர்வதால் பெரிய தீங்கில்லை, அது திரும்புவதாலேயே படம் கெடுகிறது என்பதும் இதிலிருந்து புலனாகும்.

மேலும் கீழுமான சாய்வை, கமராவைத் தாங்கி நிலைப்படுத்தும் ஜிம்பல் நன்றாகவே சமாளிக்கும். இடவலமாகத் திரும்புவதைச் சமாளிக்க அதற்கு உள்ள இடம் குறைவு. ஆகவே காற்றுக்குப் பக்கத்தைக் காட்டாமல், முகத்தையோ முதுகையோ காட்டி ட்ரோனை நிறுத்த வேண்டும். கமரா முன்புறத்தில் தொங்குவதால், முடிந்தபோதெல்லாம் காற்று பின்னாலிருந்து வரும்படி நிற்பதையே நான் விரும்புகிறேன். உடலே கமராவுக்கு மறைப்பாகிவிடுகிறது. உற்பத்தியாளர் செக்கனுக்கு 12 மீற்றர் காற்றைத் தாங்கும் என்று குறிப்பிடுவது ட்ரோன் அடித்துச் செல்லப்படாமல் நிற்கும் என்பதற்கான அளவு. கூர்மையான படத்துக்கான அளவு அதைவிட மிகக் குறைவு. பனையோலைகள் ஓயாமல் சலசலக்கும் வேளையில் நீண்ட டெலியை விட்டுவிட்டு 70 மில்லிமீற்றருக்கு மாறுவது அறிவுடைமை. மேலே ஏற ஏறக் காற்று பலமாகும் என்பதையும், மரக்கூட்டத்துக்குப் பின்னால் மறைந்து நின்றால் சுழல்காற்று உலுக்கும் என்பதையும் கருத்தில் கொண்டு உயரத்தைத் தெரிவுசெய்ய வேண்டும்.

குறித்த இடத்துக்கு வந்ததும் ஸ்டிக்குகளிலிருந்து விரலை எடுத்துவிட்டு, நான்கைந்து செக்கன்கள் பொறுத்த பின்னரே படமெடுக்க வேண்டும். சட்டத்தைச் சரிசெய்ய, ட்ரோன் மெதுவாக நகரும் சினி நிலைக்கு மாற்றி, ஜிம்பல் திரும்பும் வேகத்தையும் குறைத்துக்கொள்வது நல்லது.

பறக்குமுன் புரொப்பெல்லர்களின் ஓரத்தை நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத சிறு வெட்டுக்கூட அதிர்வை உண்டாக்கும். அது டெலி படத்தில் முதலில் வெளிப்படும். வன்னியில் தரையிலிருந்து நேரடியாக ஏற்றினால் கிளம்பும் புழுதி லென்ஸில் படியும் என்பதால், தறப்பாள் துண்டு ஒன்றை விரித்து அதன் ஓரங்களில் கல் வைத்து ஏற்றி இறக்குவது பாதுகாப்பானது. முல்லைத்தீவு, நாயாறு, கொக்கிளாய்க் கரைகளில் உப்பு ஈரம் லென்ஸில் மென்படலமாகப் படியும். ஒவ்வொரு பறப்புக்கு முன்னும் மென்துணியால் துடைக்க வேண்டும். குளிரூட்டிய வாகனத்திலிருந்து ட்ரோனை எடுத்தவுடன் பறக்கவிட்டால் கண்ணாடியில் ஈரம் பூக்கும். பெட்டியைத் திறந்து கால் மணி நேரம் வெளியே வைத்த பின் பறப்பது நல்லது.

அமைப்புகள்

வீடியோ எடுப்பவர்கள் ஒளியைக் குறைக்க மாட்டும் என்.டி. வடிகட்டியை முதலில் கழற்ற வேண்டும். அது ஷட்டர் வேகத்தைக் குறைப்பதோடு, அதன் கண்ணாடியில் உள்ள சிறு குறையையும் டெலி லென்ஸ் பெருப்பித்துக் காட்டும். மேற்சொன்ன டெலி கமராக்களில் ஒளி புகும் துளையின் அளவு நிலையானது. வெளிச்சத்தை ஷட்டரும் சென்சரின் ஒளியுணர்திறனான ஐ.எஸ்.ஓ.வும் மட்டுமே ஆள்கின்றன. கைமுறை நிலையில், 70 மில்லிமீற்றருக்கு 1/200 செக்கனையும் 166 மில்லிமீற்றருக்கு 1/500 செக்கனையும் ஆகக் குறைந்த வேகமாக வைத்துக்கொண்டு, தேவையானால் ஐ.எஸ்.ஓ.வை 400 வரை உயர்த்தலாம். அதனால் படத்தில் மணல்போலத் தோன்றும் மணிகளைப் பின்னர் குறைத்துவிடலாம், இழுபட்ட படத்தைத் திருத்த வழியில்லை.

பொருளே அசையுமானால் கணக்கு மாறும். பறக்கும் பறவைக்கு 1/1000 செக்கன் தொடக்கமே. பளைப் பகுதிக் காற்றாலைகளின் இறக்கை நுனி செக்கனுக்கு 70 மீற்றர் அளவில் ஓடக்கூடியது. 1/500 செக்கனில் அது 14 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். தண்டு கூர்மையாக இருந்து நுனி மட்டும் கரைந்திருந்தால் காரணம் அதுவே.

குவியத்தைத் தானாகச் செய்ய விட்டுவிட்டு நம்பிக்கையோடு இருப்பது டெலி படத்தில் பெரும் ஆபத்து. பனிமூட்டத்திலும் சமமான நீர்ப்பரப்பிலும் கமராவுக்குப் பிடிமானம் கிடைக்காது. வானத்துக்கு எதிரே நிற்கும் பனைமரத்தின் தண்டு, துலுசுக் (மதகுக்) கதவின் விளிம்பு, கோபுரக் கலசம் போன்ற தெளிந்த விளிம்பு ஒன்றைத் திரையில் தொட்டுக் குவியப்படுத்தி, அது படமெடுக்கப்போகும் பொருளின் தூரத்திலேயே இருக்கிறதா என்று உறுதிசெய்து, பின் கைமுறைக் குவியத்துக்கு மாற்றிப் பூட்டிவிட வேண்டும். முடிவிலிக் குறியில் தள்ளிவிட்டால் போதும் என்ற எண்ணம் தவறானது. வெப்பநிலை மாறும்போது குவியமும் சிறிது நகரும். பற்றரி மாற்றிய பின்னும், லென்ஸ் மாற்றிய பின்னும் மீண்டும் குவியப்படுத்த வேண்டும்.

ஒரு படத்தோடு நிறுத்தாமல் தொடராகப் பத்துப் படமாவது எடுக்க வேண்டும். காற்றின் நெளிவும் ட்ரோனின் திரும்பலும் கணத்துக்குக் கணம் மாறுவதால், பத்தில் ஒன்றிரண்டு மற்றவற்றை விடத் தெளிவாக இருக்கும். கமரா திருத்தாத மூலத் தரவான ரோ வடிவில் எடுக்கும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்த வேண்டும். ஜேபெக் படத்தில் கமரா தானாகச் செய்யும் மணிநீக்கம் இலை நுணுக்கங்களையும் சேர்த்து அழித்துவிடுகிறது. 48 மெகாபிக்சல் நிலை நல்ல வெளிச்சத்தில் மட்டுமே பலன் தரும். அந்தச் சென்சரில் நான்கு பிக்சல்கள் ஒரே நிற வடிகட்டியைப் பகிர்வதால், நான்கு மடங்கு நுணுக்கம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கக்கூடாது.

பரந்த காட்சியை மிகுந்த நுணுக்கத்தோடு தரவேண்டுமானால், 70 மில்லிமீற்றர் லென்ஸால் மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று விழும்படி வரிசையாகப் படங்கள் எடுத்துக் கணினியில் இணைக்கலாம். வவுனிக்குளத்தின் கட்டு முழுவதையும் ஒரே படத்தில் காட்டி, அதன் மேல் நடப்பவரின் குடையையும் தெளிவாகக் காட்ட இதுவே வழி.

மனிதரும் விலங்கும் நிலமும்

டெலி காட்சியைப் பார்த்தபடி ட்ரோனை முன்னே செலுத்தவே கூடாது. அந்தச் சிறு சட்டத்துக்கு வெளியே இருக்கும் பனையும் மின்கம்பியும் தொலைபேசிக் கோபுரமும் திரையில் தெரியாது. நகரும்போதெல்லாம் அகலக்கோணத்துக்கு மாறி, நின்ற பின்னரே டெலிக்குத் திரும்ப வேண்டும்.

இலங்கையில் ட்ரோனைப் பதிவுசெய்வதும், சிவில் விமான சேவைகள் அதிகார சபையிடமும் பாதுகாப்பு அமைச்சிடமும் அனுமதி பெறுவதும் அவசியம். இரணைமடுவிலும் வவுனியாவிலும் விமானப்படைத் தளங்கள் உள்ளன. படைமுகாம்கள் பல இடங்களில் இருக்கின்றன. அனுமதியில் குறிப்பிட்ட எல்லையை ஒரு மீற்றரும் தாண்டக்கூடாது. ட்ரோன் பற்றைக்குள் விழுந்துவிட்டால், அதை எடுக்கும் அவசரத்தில் அறியாத நிலத்துக்குள் இறங்கக்கூடாது. மிதிவெடி அகற்றும் பணி வடக்கில் இன்னும் முடிவடையவில்லை. மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்புப் பலகை உள்ள நிலத்தில் விழுந்த ட்ரோனை அங்கேயே விட்டுவிட்டு, கண்ணிவெடி அகற்றுவோரிடமோ கிராம அலுவலரிடமோ அறிவிக்க வேண்டும்.

சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாகி, 2015இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்ட இடம். அங்கும் கொக்கிளாய்ச் சரணாலயத்திலும் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. வெளியே வயல்களில் மேயும் நாரைக் கூட்டமானாலும், ஒரு பறவை கழுத்தை உயர்த்தி மேலே பார்த்தவுடன் பின்வாங்கிவிட வேண்டும். எழுந்து பறக்கும்வரை காத்திருப்பது அவற்றின் உணவு நேரத்தைத் திருடுவதாகும். யானைகள் ட்ரோனின் இரைச்சலுக்கு மிரண்டு ஊருக்குள் ஓடக்கூடும் என்பதால், அவற்றின் மேல் பறப்பதை முற்றாகத் தவிர்க்க வேண்டும்.

போர்க்காலத்தில் தலைக்கு மேல் வேவு விமானங்களின் இரைச்சலைக் கேட்டு வாழ்ந்தவர்கள் இந்த ஊர்களில் இருக்கிறார்கள். பறக்குமுன் அருகில் உள்ள வீட்டாரிடமும் வயலில் நிற்பவர்களிடமும் சொல்லி, அவர்கள் விரும்பாவிட்டால் விலகிச் செல்வது கட்டாயம். குளிக்கும் துறைகளையும் வீட்டு வளவுகளையும் டெலி லென்ஸால் பார்ப்பது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று.

படத்தைத் தேர்ந்து முடித்தல்

கணினியில் ஒவ்வொரு படத்தையும் நூறு வீத அளவில் திறந்து, நடுவிலும் நான்கு மூலைகளிலும் பார்க்க வேண்டும். ஒரே திசையில் கோடுகள் இழுபட்டிருந்தால் அது ட்ரோன் திரும்பியதன் விளைவு. சட்டத்தின் ஒரு பகுதி தெளிவாகவும் மறுபகுதி நெளிந்தும் இருந்தால் அது வெப்பக் காற்று. எங்கும் ஒரே சீராக மென்மையாக இருந்தால் குவியம் தவறியிருக்கும், அல்லது லென்ஸில் படலம் இருக்கும். இந்த மூன்றையும் பிரித்தறியப் பழகியவர் அடுத்த முறை எதைத் திருத்த வேண்டும் என்பதைப் படத்திலிருந்தே தெரிந்துகொள்வார்.

படத்திருத்த மென்பொருளில் உள்ள புகார்நீக்கும் (மூட்டம் நீக்கும்) கருவியைச் சிறிதளவே பயன்படுத்த வேண்டும். மிகையானால் வானத்தில் கறையும் மரவிளிம்புகளில் வெள்ளைக் கோடும் தோன்றும். புகார் நீல ஒளியையே அதிகம் சிதறடிப்பதால், கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது சிவப்பு அலைவரிசையிலிருந்து மாற்றினால் தொலைவில் உள்ள காட்டின் விளிம்பு வியக்கத்தக்க அளவில் மீண்டு வரும். கூர்மையாக்கலை இறுதி அளவு முடிவான பின்னரே செய்ய வேண்டும். 4000 பிக்சல் அகலமுள்ள 12 மெகாபிக்சல் படத்தை அங்குலத்துக்கு 240 புள்ளி என்ற கணக்கில் ஏ3 தாளில் நிறைவாக அச்சிடலாம். அச்சுக்குக் கொடுப்பதானால் திரைக்குப் பொருந்தும் அளவை விடச் சற்றுக் கூடுதலாகக் கூர்மையாக்கி, முதலில் ஒரு பகுதியை மட்டும் அதே தாளில் அச்சிட்டுப் பார்த்த பின் முழுப் படத்தையும் கொடுக்க வேண்டும்.